போடாத ஊசி

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தேன். ஒரு காலை, எருத்தேன்பதியிலிருந்து ஒரு விவசாயி அரிவாள் வெட்டிய உள்ளங்கையோடு வந்தார். ஐந்து தையல் போட்டேன். டெட்டனஸ் ஊசி போட்டதாக ரிஜிஸ்டரில் எழுதி, அனுப்பிவிட்டேன்.

மதியம் நர்ஸ் வந்து, "ஊசி மருந்துப் பெட்டி இன்னும் பிரிக்கவே இல்லையே டாக்டர்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதியாச்சுல்ல, விடுங்க" என்றார்.

விட்டிருப்பேன். ஆனால் மருத்துவக் கல்லூரி வார்டில் டெட்டனஸ் வந்து வில்லாக வளைந்து கிடந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மெடிக்கல் ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு பஸ் இருக்கு. மருந்தை ஐஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போ."

எருத்தேன்பதியில் விவசாயி கட்டுப்போட்ட கையோடு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் டாக்டரம்மா, ஊட்டுக்கே வந்துட்டீங்க?"

"காலைல உங்களுக்கு ஒரு ஊசி போட்டிருக்கணும். மறந்துட்டேன். போட்டதா எழுதியும் வெச்சுட்டேன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"செரி, போடுங்க" என்று சட்டைக் கையை மடக்கினார். ஊசியைப் போட்டேன்.

டாக்டர் வீடு தேடி வந்திருக்கும் செய்தி அதற்குள் பரவிவிட்டது. முட்டிவலி, இருமல், காதில் போன புளியங்கொட்டை என்று வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். புளியங்கொட்டையை எடுப்பதற்குள் திரும்பும் பஸ் போய்விட்டது. ஒரு தேங்காய் வண்டியில் ஏறி வந்து சேர்ந்தபோது சாயங்கால ஓ.பி. முடிந்திருந்தது. ரிஜிஸ்டரில் காலை வரியை அடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாதக் கடைசியில் மெடிக்கல் ஆபீசர் என்னைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினார். உடை, கீழ்ப்படிதல், நோயாளிகளிடம் நடத்தை எல்லாவற்றிலும் 'நன்று'. நேரம் தவறாமையில் மட்டும் 'போதாது'.

"அன்னிக்கு ஊசி போடத்தானே சார் போனேன்?"

"போனதுக்கு இதுல இடம் இல்ல. வராததுக்கு இருக்கு."

கல்லூரியில் பேராசிரியர் படிவத்தைப் படித்துவிட்டு, நேரத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். முழுக்கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு, புளியங்கொட்டையை எதால் எடுத்தாய் என்று கேட்டார்.

வளைத்த ஹேர்பின்னால் என்றேன். தேர்ச்சி என்று எழுதினார்.