செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு பூட்டிய அடிபம்பு

1992 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்த பயணம் இது. அம்பத்தூரில் எனக்குக் குழாய் சாமான் கடை. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு அடிபம்பு சாமான் கொடுத்தவன் நான். அங்கே பம்பு பூட்டிக் கிடந்த ஒரு நாளில் வாய்க்கால் தண்ணீரைக் குடித்து ஒரு குழந்தை வாந்திபேதியில் போய்விட்டது என்று அந்தப் பம்பை இறக்கிய போரிங் மேஸ்திரி சொன்னார். பூட்டு என்று கேட்டதும் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

காலை ஆறே முக்காலுக்கு பஸ் ஏறினேன். அயனம்பாக்கம் வழியாகக் குமணன்சாவடிக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், கட்டணம் அன்றைக்கு இரண்டு ரூபாய். அங்கேயே இட்லி சாப்பிட்டுவிடுங்கள், அதற்கப்புறம் கடை கிடையாது. பெங்களூர் ரோட்டில் அடுத்த பஸ் ஒன்றரை ரூபாய். செம்பரம்பாக்கத்தில் இறங்கி ஏரிக்கரையோரம் இரண்டு கிலோமீட்டர் நடை. கோடையிலும் ஏரியில் தண்ணீர் கிடந்தது. பட்டணத்துக்குப் போகிற தண்ணீர். கரையில் இருக்கிற ஊருக்கு ஒரு குழாய் இல்லை.

ஒன்பது மணிக்குப் பம்படிக்குப் போய்ச் சேர்ந்தேன். கைப்பிடியில் சங்கிலி, சங்கிலியில் என் கடைப் பூட்டு. குடத்தோடு காத்திருந்தவர்களில் எல்லம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். இறந்தது அவள் மகள்தான்.

"இன்னா மொதலாளி, இன்னொரு பூட்டு விக்க வந்துகீறியா?"

சுருக்கென்றது. பம்பு அடிக்கடி ரிப்பேர் ஆகிறது என்று பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க் கமிட்டியின் தலைவர் புலம்பியபோது, காலையும் மாலையும் இரண்டு இரண்டு மணி நேரம் மட்டும் திறந்துவிடுங்கள் என்று யோசனை சொன்னவன் நான். பூட்டை இனாமாகக் கொடுத்தவனும் நான். கமிட்டியில் ஐந்து பேர். ஒருவரும் குடம் தூக்கியதில்லை. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைத் தங்கள் தெருவுக்குக் கொடுக்கச் சொல்லி எல்லம்மா அன்றைக்கே கேட்டாள். ஆளுக்கொரு சாவி இருந்தால் பூட்டு எதற்கு என்று சொல்லி, இரண்டையும் தலைவரிடம் கொடுத்தேன். ஒருநாள் தலைவர் திருவள்ளூருக்குக் கல்யாணத்துக்குப் போனார். அவர் இடுப்போடு சாவியும் போய்விட்டது. எல்லம்மாவின் மகள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தது அன்றைக்குத்தான்.

எல்லம்மாவுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று சட்டைப்பையில் கை வைத்தேன்.

"காச உள்ள வெய்யி. ஊட்டுல இன்னொரு கொழந்த கீது எனக்கு. சாவி கேட்டா, மொதலாளி போட்ட ரூலுன்னு வாய அடைக்கிறாங்க. இன்னிக்கு மீட்டிங் கீது. அங்க வந்து பேசு."

பத்து மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். தலைவர் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பானார். "ரூலு போட்டவரே வந்துட்டாரு! அவரையே கேளுங்க."

"போட்டது நான்தான். தண்ணி எடுக்கறவங்கள ஒரு வார்த்த கேக்காம போட்டேன். தப்பு," என்றேன்.

தலைவரின் சிரிப்பு நின்றது. "அப்ப நாளைக்கு பம்பு கெட்டா யாரு பொறுப்பு?"

"நாங்க," என்றாள் எல்லம்மா. "ரிப்பேருன்னா நாங்களே பஸ் ஏறிப் போயி ஆளக் கூட்டியாறோம். எம்பொண்ணு போச்சே, அதுக்கு யாரு பொறுப்புன்னு உங்கள்ல ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

தலைவர் இடுப்பிலிருந்து இரண்டு சாவியையும் எடுத்தார். அவள் கையில் தரவில்லை, தரையில் வைத்தார். அவள் குனிந்து எடுத்துக்கொண்டு, நேராகப் போய்ப் பம்பைத் திறந்தாள். குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நன்றி சொல்ல அதில் என்ன இருக்கிறது? அந்தக் கல்யாண நாளில் திறந்திருக்க வேண்டிய பூட்டு.

இதுபோன்ற ஊர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் போய்ச் சேருங்கள், குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். கமிட்டிக்காரர் வீட்டுக் காப்பியோடு திரும்பிவிடாதீர்கள். பம்படியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஊர் நிலவரம் அங்கேதான் தெரியும்.

இப்போதெல்லாம் என் கடைக்கு வந்து பம்பு அடிக்கடி கெடுகிறது என்று யோசனை கேட்பவர்களிடம், தண்ணீர் எடுக்கிற பெண்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம் என்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு, முக்கால்வாசிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.