மூன்று முறை தவறினால்

என் அக்காள் கணவரைச் சொந்தக்காரர்கள் நாங்கள் போஸ்ட்மாஸ்டர் என்போம். அவர் வேலை பார்த்து ஓய்வுபெற்றது ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில்; தபால் இலாகாவுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே சொந்தமாக மெயில் சர்வர் வைத்து நடத்துகிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

சர்வர் என்றதும் கண்ணாடி அறை, ஏசி என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். படுக்கையறைப் பரணில், காலி சூட்கேஸ்களுக்கு நடுவில், செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் சுவரோடு இறங்கி வரும். அத்தான் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளில் கட்டளைகளை அடிப்பார். மவுஸைத் தொட மாட்டார். மவுஸ் பிடிக்கிறவனை அவர் பார்க்கிற பார்வை, நீச்சல் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே நிற்பவனைப் பார்ப்பது போல இருக்கும்.

"எனக்குச் சக்களத்தி பரண்மேலதான் இருக்கா" என்பாள் அக்காள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் அவள் தூசி தட்டாத ஒரே இடம் அந்தப் பரண்தான்.

குடும்பத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அந்தச் சர்வரில் ஒரு முகவரி கொடுத்திருந்தார். நம் கடிதம் நம் வீட்டில் இருக்க வேண்டும், எவனோ ஒருவன் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய்ப் போடக்கூடாது என்பது அவர் கட்சி. கட்சியில் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், இப்படி வீட்டுப் பெட்டியிலிருந்து வருகிற கடிதங்களைப் பெரிய கம்பெனிகள் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கின்றன. பாதியை நேரே குப்பை மெயிலில் தள்ளிவிடுகின்றன. என் வேலை விண்ணப்பம் ஒன்று அப்படித்தான் குப்பைக்குப் போனது. நான் கழன்றுகொண்டேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அப்புறம் சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அத்தான் யாருடைய கணக்கையும் அழிக்கவில்லை.

அக்காள் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களுடைய ஒரே மகள் குட்டி, தான் வேலை பார்க்கும் ஊருக்கே அப்பாவைக் கூட்டிப்போக வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"வரலாம்தான். சர்வர யாரு பாத்துக்கறது?" என்றார் அத்தான்.

"நானா, அந்தப் பெட்டியா? நீயே சொல்லுப்பா."

நல்ல மனுஷனாக இருந்தால் சட்டென்று "நீதான்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் யோசித்தார். அந்த யோசனைதான் வினையாகிப் போனது. குட்டி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தன் புது மெயில் முகவரியை அவருக்குக் கொடுக்கவும் இல்லை, போன் பண்ணவும் இல்லை. இவரும் பண்ணவில்லை. இரண்டு வருஷம் ஓடிப்போனது.

இந்த இரண்டு வருஷத்தில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே மேஜைக்குப் போய்விடுவார். அனுப்பக் காத்திருக்கும் கடித வரிசை காலியா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டளையாக அடித்துப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். எழுத ஆளே இல்லாத இடத்தில் என்ன கெட்டுப்போகும்? சர்வர் தன் உடல்நிலையைப் பற்றித் தினமும் ஓர் அறிக்கை அனுப்பும். அதை வரிவிடாமல் படிப்பார். நான் ஏதாவது கிண்டல் செய்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்த நாட்களில் அவருக்குப் பெருமை என்று இருந்தது காவல்கார நிரல் ஒன்றுதான். இணையத்தில் ஒரு வாசல் திறந்திருந்தால் போதும், எங்கிருந்தெல்லாமோ திருட்டு நிரல்கள் வந்து பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்குமாம். தப்பாகப் போடுகிறவரின் இணைய முகவரியை, அதாவது எந்த வீட்டு இணைப்பிலிருந்து வருகிறார் என்று காட்டும் எண்ணை, இந்தக் காவல்காரன் பிடித்துச் சிறையில் தள்ளிவிடுவான். அந்த இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு மெயில் பக்கமே திறக்காது. வழக்கமாக ஐந்து தப்புவரை விடுவார்களாம். அத்தான் அதை மூன்றாகக் குறைத்திருந்தார். சில நாளில் தானாக விடுதலையாகி மறுபடியும் மாட்டினால் ஆயுள் தண்டனை.

"அஞ்செல்லாம் பெரிய கம்பெனிக்கு மாப்ள. நம்ம வீட்ல யாரு பாஸ்வேர்ட மறக்கப்போறா?" என்றார்.

போன மாதம் குட்டி எனக்குப் போன் செய்தாள். எடுத்ததும் அழுகை.

"மாமா, அப்பா என்ன பிளாக் பண்ணிட்டாரு."

"என்னடா சொல்ற?"

"அம்மா எனக்கு எழுதின மெயிலெல்லாம் அந்தப் பழைய கணக்குலதான் இருக்கு. படிக்கணும்போல இருந்துச்சு. பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. ஏதேதோ போட்டுப் பாத்தேன், பக்கமே நின்னுபோச்சு. ஒரு வாரம் கழிச்சு மறுபடி போட்டேன். அதோட சரி, இப்பத் திறக்கவே மாட்டேங்குது. ஃப்ரெண்டு வீட்ல பாத்தா நல்லாத் திறக்குது. எனக்கு மட்டும்தான் கதவச் சாத்திட்டாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே கிளம்பிப் போய், செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அத்தான் நேரே மேஜைக்குப் போய் உட்கார்ந்தார்.

"அவ வீட்டு இணைய முகவரி என்னன்னு கேளு" என்றார்.

குட்டியைப் போனில் பிடித்தேன். எதற்கு என்று கேட்டாள், சொல்லு என்றேன். வேண்டாவெறுப்பாக அந்த எண்களைப் படித்தாள். அத்தான் சிறைப் பட்டியலில் தேடினார். இருந்தது. ஆயுள் தண்டனைக் கைதிகளோடு இருந்தது. சர்வர் அனுப்பும் அறிக்கையில் மாட்டியவர்களின் எண்கள் மட்டும்தான் இருக்கும், யார் என்று இருக்காது. அந்த எண்ணையும் அவர் ஒரு நாள் படித்து, திருப்தியோடு மூடியிருக்கிறார்.

"என் பொண்ண நானே..." என்றார். விடுவிக்கிற கட்டளையை இரண்டு தடவை தப்பாக அடித்தார். கடைசியில் சரியாக விழுந்தது. பதிலுக்குத் திரையில் ஒன்று என்ற எண் மட்டும் வந்தது. ஒருவரை விட்டாயிற்று என்று அர்த்தமாம். பிறகு அவளுக்குப் புதிதாக ஒரு பாஸ்வேர்ட் போட்டார். அதை மெயிலில் அனுப்ப அவரிடம் முகவரி இல்லை. வாயால்தான் சொல்லியாக வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"நான் பண்ணலம்மா, மெஷின் பண்ணுச்சு" என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் நிறுத்தி, "மூணுன்னு வச்சது நான்தான்" என்றார். "எழுதிக்க. பெரிய கே. சின்ன டி. ஒம்போது..."

"பாஸ்வேர்ட் இருக்கட்டும்ப்பா. எப்படி இருக்க?"

"நல்லா ஓடுது. டிஸ்க்ல பாதிக்கு மேல காலி. வரிசையும் காலி."

"சர்வரக் கேக்கலப்பா. உன்னக் கேட்டேன்."

அத்தான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு யாரும் எழுதறதில்லம்மா" என்றார். "அதான் பூட்டு சரியா இருக்கான்னு பாத்துகிட்டே இருக்கேன்."