நிழல் போட்ட குழி

தனுஷ்கோடி போகும் சாலையோரம் மணலில் வலையடித்து வைத்திருந்த ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் எனக்கு ஒரே வேலைதான்: மணலின் சூட்டை அளப்பது. கல்லூரியில் பாடம் எடுத்தது போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான் கிடந்தேன். ஆராய்ச்சியின் முழுத் தலைப்பையும் சொன்னால் சொந்தக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள் என்பதால், "மண்ணு சுடுதான்னு பாக்குறேன்" என்று சுருக்கிக்கொள்வேன். "அதுக்கா டாக்டர் பட்டம்? செருப்பக் கழட்டிட்டு நடந்தாலே தெரியுமே" என்பார்கள்.

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால், எங்கள் கரை பெண் குஞ்சுகளை மட்டுமே அனுப்பிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்குப் பயம். கொஞ்ச காலத்துக்கு முட்டை நிறையவே கிடைக்கும், எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். பிறகு இணை சேர ஆண் இல்லாமல் ஒரு நாள் எல்லாம் நின்றுபோகும்.

பொரிப்பகத்துக் காவலாளி தீவைச் சேர்ந்த மீனவர். இதைச் சொன்னதும் சிரித்தார். "எல்லாமே பொட்டையா? அப்ப செலவுதான் மேடம்."

நான் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி வீட்டின் மூன்றாவது பெண். எங்கள் அய்யாவிடம் இதே பேச்சை ஊரே பேசிக் கேட்டு வளர்ந்தவள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. "செலவெல்லாம் இல்லண்ணே. ஆனா ஆணும் வேணும், பெண்ணும் வேணும்" என்றேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, மறுநாள் முட்டைக் குழிகளுக்கு நிழல் போட அவரே பனையோலை கொண்டுவந்து இறக்கினார்.

எல்லாக் குழிக்கும் நிழல் போட அனுமதி கிடைக்கவில்லை. ஒன்றில் மட்டும் போட்டுப் பாருங்கள் என்றார்கள். ஒற்றைக் குழியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அந்த ஒன்று நல்லபடியாகப் பொரித்தால், அடுத்த பருவத்தில் வரிசை முழுக்கப் பந்தல் கேட்க எனக்கு வாய் இருக்கும். காற்று பந்தலைப் பிய்த்துப் போடும்போதெல்லாம் நாங்கள் இருவரும் மறுபடி கட்டினோம். குழிக்குள் புதைத்த கருவியில் சூடு குறைவாகவே இருந்தது.

சிக்கல் அதில்தான் வந்தது. மணல் குளிர்ந்தால் குஞ்சு வெளியே வரவும் நாளாகும். விருந்தினர்களை வரவழைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பக்கத்துக் குழிகள் அதற்குத் தயார், என் குழி மட்டும் தயாரில்லை.

பொரிப்பகத்தின் பொறுப்பாளர் வந்து, "ஓலைய எடுத்துருங்க. சூடு ஏறினா சீக்கிரம் வந்துரும்ல. ஆணா பெண்ணாங்கிறது இந்நேரம் முடிவாகியிருக்குமே" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அடைகாலத்தின் நடுப்பகுதியிலேயே அது முடிவாகிவிடும். அவரும் கெட்டவர் இல்லை; விருந்தினர்கள் மனம் குளிர்ந்தால்தான் அடுத்த வருஷம் வலைக்கும் காவலுக்கும் வழி பிறக்கும். "முடிவாயிருச்சு சார். ஆனா இவ்வளவு நாள் குளிர்ச்சியில கெடந்தத இப்ப வெயில்ல காட்டினா உசுரோட வருமான்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "அடுத்த வருஷமும் அனுமதிக்கு என்கிட்டத்தான் வரணும்."

அனுமதி போய்விடுமோ என்ற பயம் இருந்தது, மறைப்பானேன். ஆனால் யார் தலைகீழாக நின்றாலும் அந்த ஓலையை இறக்க விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். விழா அன்று எல்லாம் முடியும்வரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விருந்தினர்கள் குஞ்சுகளைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் என் பக்கம் திரும்பவே இல்லை.

விழா முடிந்து சில நாள் கழித்து, விடிகிற நேரத்தில் காவலாளியின் போன் வந்தது. "மேடம், குழியில மண்ணு உள்வாங்குது, வெரசா வாங்க." அக்காள்மடத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மணலை உதறிக்கொண்டு அவை வந்துகொண்டிருந்தன. கூடையில் எடுத்துப்போய்த் தண்ணீருக்குச் சற்று முன்னால் விட்டோம். கைதட்ட ஆள் இல்லை.

"இதெல்லாம் ஆம்பளையா பொம்பளையா மேடம்?" என்றார்.

"வெளியில பாத்துச் சொல்ல முடியாதுண்ணே. செத்ததை அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்." குழியில் செத்த குஞ்சு ஒன்றுகூட இல்லை. பொரிக்காத முட்டைகளில் கருவே வளர்ந்திருக்கவில்லை. அறுத்துப் பார்க்க எதுவும் கிடைக்காத இப்படி ஒரு தோல்விக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"பெருசானப்பறம் கரைக்கு வரும்ல, அப்பப் பாத்துக்கலாம்."

"முட்டையிட வர்றது பொட்ட ஆமை மட்டுந்தான். ஆண் ஒரு தடவ கடலுக்குள்ள போச்சுன்னா, அப்பறம் இந்தக் கரைய ஏறிட்டும் பாக்காது. நாம கட்டுன பந்தல் பலிச்சிருந்தா, இதுல ஒண்ணையும் நம்ம இனிமே பாக்கப்போறதில்ல."

கடைசிக் குஞ்சும் அலைக்குள் போய்விட்டது. அவர் காலிக் கூடையை எடுத்துத் தட்டினார்.

"சரி, அடுத்த வருசத்துக்கு எம்புட்டு ஓலை வேணும்னு இப்பவே சொல்லிருங்க."

அனுமதி தருவார்களோ மாட்டார்களோ. வரிசை முழுக்கவும் வேண்டும் என்று சொன்னேன்.