பெனால்டிக்கு முன்னால் கத்தியது

அந்த சீசன் முழுக்க எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஒரு வசதி இருந்தது. எதிரணிகளில் அநேகமாக எல்லோரும் சிங்களப் பொடியன்கள். ஆகவே யாருக்குப் பந்தை விடுவது, எந்தப் பக்கம் ஓடுவது என்பதையெல்லாம் மைதானத்திலேயே தமிழில் கத்திக்கொள்வோம். கப்டனுக்கு இது பெரிய தந்திரம். எனக்கோ எரிச்சல்தான் வரும். கொழும்பில் யாருக்கு எது விளங்கும் என்று யார் கண்டது?

கடைசி மேட்ச் வெள்ளவத்தையில், கடலோர மைதானத்தில். வென்றால்தான் அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது, முடியப்போகிற நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வேண்டியவன் நான். அவர்களுடைய கோல்கீப்பர் நெட்டையன். ஆட்டம் முழுக்கத் தன் ஆட்களைச் சிங்களத்தில் ஏசிக்கொண்டே நின்றவன்.

பந்தை வைத்தேன். நாலடி பின்னால் வந்தேன். பின்னாலிருந்து கப்டன் கத்தினான்.

“மச்சான், கடல் பக்கமா கீழால அடி! அந்தக் கொக்குக் காலன் குனியிறதுக்குள்ள பந்து உள்ளுக்குப் போயிடும்!”

வாயை மூடடா என்று திரும்பிக் கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் ரெஃபரி விசில் ஊதிவிட்டார். யோசிக்க நேரமில்லாமல் கால் அவன் சொன்னபடியே அடித்தது. கடல் பக்கம், கீழால்.

பந்து போய்ச் சேரும்போது கோல்கீப்பர் ஏற்கெனவே அங்கே விழுந்து கிடந்தான். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தான். என்னைப் பார்க்கவேயில்லை. கப்டனைப் பார்த்து, சுத்தமான கொழும்புக் கொட்டாஞ்சேனைத் தமிழில் கேட்டான்:

“என்ன மச்சான், கொக்குக் கால் குனிஞ்சது போதுமா?”