ஜாம் பாட்டிலில் வளர்ந்த அன்னாசி

வேலை பார்த்த செடிக் கம்பெனியை மூடிய அன்று அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு சின்னக் கத்தியும் ஓர் இடுக்கியும்தான். அரிசி அளவு செடித்துண்டை நறுக்கிச் சத்துக் கரைசலில் போட்டு, ஒரு செடியை நூறாக்குவது அவள் வேலை. கல்யாணம் காட்சி எதுவும் ஆகவில்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள, மலைச்சரிவில் அன்னாசி போட்டிருந்த தம்பி ஒருவன்.

அந்த வருடம் அவன் தோட்டத்தில் வாடல் நோய். இலை சிவந்து, நுனி காய்ந்து, வேர் அழுகிப்போனது. பக்கத்துத் தோட்டங்களில் வாங்கி நட்ட கன்றுகளும் அதே நோயோடுதான் வந்தன. ஆய்வுக்கூடத்துச் சுத்தமான கன்றுகளோ, விலையைக் கேட்டாலே தலை சுற்றியது.

"அக்கா, நீதானே பாட்டில்ல செடி பண்ணுவே? எனக்குப் பண்ணிக் குடேன்."

"அதுக்குப் பெரிய லேப் வேணும்டா. வீட்டு குக்கர்லயா பண்ண முடியும்?"

அவன் போன பிறகு, ஏன் முடியாது என்று அவளுக்கே தோன்றியது. குக்கரில் பாட்டில்களை ஆவியில் வேகவைத்தாள். கரைசலுக்கு மளிகைக்கடைச் சர்க்கரையைப் போட்டாள். பழைய மீன் தொட்டியைப் படுக்கப்போட்டு, உள்ளே ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தம்பி தோட்டத்துச் செடிகளில் நோய் எட்டாத குருத்து நுனியை நறுக்கினாள். பேச்சுக் கூடாது, தும்மல் கூடாது. மூச்சுப் பட்டாலே பூஞ்சை வந்துவிடும்.

தம்பி ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கி காலி ஜாம் பாட்டில்களைப் பொறுக்கி வந்தான். "செடிக்குக் கஞ்சி காய்ச்சிப் போடுற ஒரே ஆளு எங்கக்காதான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். முதல் தடவை பாட்டிலிலிருந்து எடுத்த கன்றுகளை அவள் நேரே வெயிலில் வைத்துவிட, மாலைக்குள் அத்தனையும் சுருண்டுவிட்டன.

"நிழல்லயே வளத்துட்டு திடீர்னு வெயில்ல தள்ளினா? பாவம், செல்லப்புள்ளைங்க அக்கா இதுங்க" என்றான் தம்பி. அடுத்த தடவை அவனே பிளாஸ்டிக் தாளால் கூடாரம் போட்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டுக் காற்றுக்குப் பழக்கினான். கன்றுகள் பிழைத்தன. பாதிச் சரிவை நிரப்பி நட்டான்.

"குழந்தை மாதிரி பாத்துக்கடா. வேர் புடிக்கிற வரைக்கும் தண்ணி காட்டிடணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தக் கோடையில் மோட்டார் படுத்துவிட்டது. தம்பி குடம் குடமாகக் கீழேயிருந்து தண்ணீர் சுமந்து ஏறினான். நெஞ்சு வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிடப் போன மனைவி, கன்று வரிசைகளுக்கு நடுவில் அவன் குப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்தாள்.

சாவு வீட்டில் தம்பி மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "குழந்தை மாதிரி பாத்துக்கச் சொன்னீங்களே அண்ணி. பாத்துக்கிட்டாரு."

அக்கா வீடு திரும்பியபோது, அடுத்த நடவுக்கு வைத்திருந்த பாட்டில்களில் செடிகள் மூடியை முட்டிக்கொண்டு நின்றன. பிரித்து மாற்றாவிட்டால் செத்துப்போகும். துணியைக் கட்டிக்கொண்டு தொட்டி முன் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்ததும் அழுகை முட்டியது. விசும்பிக்கொண்டே நறுக்கினாள். அந்த வாரமே எல்லா பாட்டில்களிலும் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை படர்ந்தது. கொதிநீர் ஊற்றி, குழி வெட்டி மூடினாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. சரிவில் அவன் நட்டதுதான் பாக்கி.

நல்லவேளையாக மழை பெய்தது. பிஸ்கட் பேக்கிங் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த அக்கா, லீவு நாளில் பஸ் பிடித்துப்போய்த் தனியாகக் களை எடுத்துவிட்டு வந்தாள். தம்பி மனைவி காப்பி போட்டுக் கொடுப்பாள். தோட்டத்துப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கமாட்டாள்.

கன்றுகள் ஆளாகி, நடுக்குருத்தில் சிவப்பாகக் காய் தலைகாட்டிய சமயத்தில் தம்பி மனைவி போன் செய்தாள். "இடத்தை வித்துட்டேன் அண்ணி. அம்மா வீட்டுக்கே போறேன்."

"காய் வந்துடுச்சேம்மா. கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

"யாருக்கு அண்ணி அந்தக் காய்?"

அக்கா போய்ச் சேர்வதற்குள் மண் அள்ளும் இயந்திரம் பாதிச் சரிவைப் புரட்டிப்போட்டிருந்தது. அவள் நிற்பதைப் பார்த்து ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். "உங்க செடியாம்மா? வேணுங்கிறத எடுத்துக்கங்க. நான் நிக்கிறேன்."

பெயர்ந்து கிடந்த ஒன்றைத் தூக்கினாள். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அழுகல் இல்லை, வாடல் இல்லை. இதைப் பார்த்திருந்தால் தம்பி தலைகால் தெரியாமல் குதித்திருப்பான். ஊரையே கூட்டியிருப்பான். செடியை மெல்லக் கீழே வைத்தாள்.

"வேண்டாங்க. நீங்க ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பிறகு இரண்டொருவர் கன்று கேட்டு வீடு தேடி வந்தார்கள். "இப்பப் பண்றதில்லீங்க" என்று அனுப்பிவிட்டாள்.

தம்பி மனைவியோடு மட்டும் பேச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்துகொள்வார்கள். முழங்கால் வலி, மழை, கரண்ட் போனது என்று ஏதாவது ஓடும். அவனைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. ஒருநாள் தம்பி மனைவி தானாகவே சொன்னாள்:

"நேத்து வண்டியில வித்தான்னு அன்னாசி வாங்கினேன் அண்ணி. ஒரே புளிப்பு."

அக்கா, "உப்பு தொட்டுக்கணும்மா" என்றாள்.

"தொட்டுக்கிட்டேன். அப்பவும் முழுங்க முடியல."

போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.