பன்சி என்றால் புல்லாங்குழல்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு எங்கள் தீவின் மின்னி பே கடற்கரையில் போய் நின்றேன். கல்யாணம் எங்கே என்று வழியில் இரண்டு பேர் விசாரித்தார்கள். நான் போனது புல்லாங்குழல் கற்றுக்கொள்ள!

சிரிக்காதீர்கள்... கதையைக் கேளுங்கள்.

குழல் கற்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஊதுறதுக்கு மூச்சு வேணும்மா. உனக்குப் பேசவே பத்தலையே!" என்றார். கீபோர்டு, யோகா, தையல் என்று நான் பாதியில் விட்டதெல்லாம் உண்மைதான். அதற்காக இப்படியா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை ஒன்றையாவது உருப்படியாகக் கற்று, இந்த மனுஷன் கேலியை நிறுத்தியே தீருவது!

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுமன் தீதி, அதாவது சுமன் அக்கா, ராஞ்சிப் பக்கத்துக்காரர். ஆபீஸில் எனக்கு எதிர் சீட். "தீதி, எனக்கு பன்சி கத்துக்கணும்" என்றேன், என் அரைகுறை ஹிந்தியில். ஹிந்திப் பாட்டிலெல்லாம் கிருஷ்ணன் கையில் இருப்பது பன்சிதானே? தீதி முகம் மலர்ந்தது. "அரே, சண்டே மின்னி பே வா! மூங்கில் வெட்டி நாமே பண்ணிடலாம்!"

சொந்தமாகச் செய்த குழல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. குருவிடம் வெறுங்கையோடா போவது? அதனால்தான் பட்டும் தட்டும்.

அங்கே தீதி, சல்வாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூஜா ஹை க்யா?"

மூங்கிலின் கணுக்களைச் சீவினார். தீயில் வாட்டி வளைவை நிமிர்த்தினார். நான் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைவிட இரண்டு மடங்கு நீளம் — பெரிய வித்வான்கள் சைஸ் போலிருக்கிறது!

"தீதி, ஓட்டை எப்போ போடுவீங்க?"

"ஓட்டையா? எதுக்கு?"

சொல்லிக்கொண்டே நுனியில் நைலான் நரம்பைக் கட்டினார். அப்புறம் முள். அப்புறம், மிதவைக்குப் பழைய ஹவாய் செருப்பிலிருந்து ஒரு துண்டு.

அவர்கள் ஊரில் பன்சி என்றால் தூண்டிலாம்!

விஷயம் புரிந்ததும் தீதி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். வந்தது வந்தாயிற்று, விடுவானேன்? முந்தானையை இழுத்துச் செருகினேன். இறால் துண்டை மாட்டி வீசினேன். கொஞ்ச நேரத்தில் செருப்புத் துண்டு குபுக்கென்று முங்கியது. "கீஞ்சோ! கீஞ்சோ!" என்று தீதி கத்த, நான் அலறிக்கொண்டே இழுக்க, பளபளவென்று ஒரு பாரை மீன் மணலில் துள்ளியது. ஐயோ, அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! குதித்தேன். பட்டுப்புடவையோடு!

பல ஊர்க்காரர்கள் கூடி வாழும், ஒரே வார்த்தைக்கு வீட்டுக்கு வீடு வேறு அர்த்தம் சொல்லும் தீவு இது. எல்லாம் சரியாகப் புரிந்திருந்தால் நான் இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து வெறும் காற்றை ஊதிக்கொண்டிருப்பேன்.

அன்று மத்தியானம் மீன் குழம்பு. வீட்டுக்காரர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். கேலி? மூச்! கை கழுவிவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டார். "ஏம்மா... அடுத்த சண்டே நானும் வரட்டுமா?"

"தாராளமா வாங்க. ஆனா அங்க வாயைத் திறக்கக் கூடாது... மீன் ஓடிடும்!"