கதவுப் பிடியில் தொங்கிய பதில்கள்

சிவநாயகிக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஒரு குறையால்தான் இவ்வளவு பாடும் வந்தது.

ஒஸ்லோ நகர நடுவில் ஒரு ஹோட்டலில் பதினேழு வருடம் அறை துப்புரவு செய்தவள். இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் கொரோனா வந்து ஹோட்டலைப் பூட்டிவிட்டது. சம்பளத்துக்குப் பதிலாக அரசாங்கம் உதவித்தொகை தரும் என்றார்கள். நல்ல நாடு, தரும்தான். ஆனால் நாடே ஒரே நாளில் கையை நீட்டினால் எந்த அலுவலகம் தாங்கும்? காசு வரவில்லை, கடிதம் வந்தது. முதல் கடிதம் விண்ணப்பம் கிடைத்தது என்றது. இரண்டாவது, பொறுத்திருங்கள் என்றது. மூன்றாவது, முன்பணம் கேட்கலாம் என்றது. நான்காவது, முன்பணம் கேட்டவர்களும் பொறுத்திருங்கள் என்றது. அவளுடைய நோர்வேஜிய மொழி விருந்தாளிகளுக்குக் காலை வணக்கம் சொல்லப் போதும். இந்தக் கடிதங்களுக்கு எங்கே போதும்? எல்லாவற்றையும் மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள்.

புருஷன் தவறிப்போய் ஆறு வருடம். நகர ஓரத்து வெஸ்ட்லியில் ஒரு மாடிக்கட்டடத்தின் நான்காம் மாடியில் தனியே வாடகைக்கு இருந்தாள். இரண்டு மாத வாடகை நிலுவை. ஜூன் முடிவுக்குள் கட்டாவிட்டால் வீட்டை விடவேண்டும் என்று வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் மட்டும் தெரு வீடாகிவிடுமா?

ஜூன் முதல் கிழமை ஐந்தாவது கடிதம் வந்தது. அதில் தன் பெயரும் ‘வேலை கொடுப்பவர்’ என்ற சொல்லும் மட்டும் விளங்கின. கடிதத்தோடு மூன்றாம் மாடிக்கு இறங்கி ஓடினாள். அங்கே பிலேந்திரன் இருக்கிறார். பஸ் ஓட்டுநர். கட்டடத்துத் தமிழரின் கடிதங்கள் எல்லாம் அவர் மூக்குக்கண்ணாடியைத் தாண்டித்தான் போகும்.

அவர் வாசலில் எட்ட நின்று வாசித்தார். மறுபடி வாசித்தார்.

“பிள்ளை, நீர் எங்கையும் களவா வேலை செய்யிறீரோ?”

“ஐயோ, என்ன அண்ணை கதைக்கிறியள்? ஹோட்டல் பூட்டின நாளிலை இருந்து வீட்டிலைதான்.”

“அப்ப ஏன் கிழமைக்கு இருபத்தாறு மணித்தியாலம் வேலை செய்தனான் எண்டு மெல்டெகார்ட்டிலை எழுதினனீர்?”

இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிரப்பி அனுப்பவேண்டிய அட்டை அது. எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்று கேட்கும்.

“சமைச்சனான் அண்ணை” என்று முதல்முறையாக ஒத்துக்கொண்டாள் சிவநாயகி.

சமைத்தாள்தான். கட்டடத்தில் கொரோனாவால் தனிமைப்படுத்திய வீடுகளுக்கெல்லாம் சமைத்தாள். திருகோணமலையில் அவள் வளர்ந்த ஒழுங்கையில், நோயில் படுத்த வருத்தக்காரர் வீட்டில் அடுப்பு மூட்ட அயல் விடாது. அந்தப் பழக்கம் வெஸ்ட்லிக்கும் வந்திருந்தது. ஐஸ்கிரீம் பெட்டிகளில் சோறும் கறியும் நிரப்பி, பையில் போட்டு, கதவுப் பிடியில் கொழுவி, மணியை அடித்துவிட்டுக் கதவு திறக்குமுன் படிக்கட்டில் மறைந்துவிடுவாள். பதினொரு வீடு. அட்டை மணித்தியாலம் கேட்டபோது, வெங்காயம் உரித்த நேரத்தையும் விடாமல் கூட்டி எழுதினாள். அந்தச் சோற்றைப் பத்து நாள் சாப்பிட்டவர்களில் பிலேந்திரனும் ஒருவர்.

“விசர் பெட்டை!” என்று கத்தினார் அவர். கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. “ஊருக்குச் சோறு போட்டதையும் கணக்கிலை எழுதுவினமே? உமக்குச் சம்பளம் தந்தது ஆர் எண்டு கேக்கிறாங்கள். பதில் போகுமட்டும் காசு வராது.”

“இப்ப என்ன செய்யிறது?”

“சாப்பிட்ட சனம் ஆளுக்கொரு வரி எழுதட்டும். சும்மா தந்தவ, காசு வாங்கேல்லை எண்டு. அலுவல் முடிஞ்சுது.”

சிவநாயகியின் முகம் இறுகியது. “போட்ட சோத்தைச் சொல்லிக்காட்டச் சொல்லுறியளோ? வீடு போனால் போகட்டும். நான் ஒரு வாசல்லையும் போய் நிக்கமாட்டன். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணுங்கோ.”

பிலேந்திரன் சத்தியம் பண்ணினார். ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை. மனைவி வசந்தமலருக்கு மட்டும் சொன்னார். அது போதாதா?

மறுநாள் காலை குப்பை போடக் கதவைத் திறந்தாள் சிவநாயகி. பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே கழுவித் துடைத்த ஐஸ்கிரீம் பெட்டி. சோறு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது நம் சனத்துக்குத் தெரியும். கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இந்தப் பெட்டியிலும் சீனிப் பொட்டலம் இருந்தது. அதன் கீழே ஒரு கடிதம், வசந்தமலரின் கையொப்பத்தோடு. மத்தியானம் மூன்று பெட்டி. பின்னேரத்துக்குள் பதினொன்று.

அவற்றில் ஒன்று ஆறாம் மாடியில் தனியே இருக்கும் ஒட்வார் என்ற நோர்வேஜியக் கிழவருடையது. பிலேந்திரன்தான் மொழிபெயர்த்தார்: “இந்தப் பெண் என்னிடம் வேலை செய்யவில்லை. நான் எதுவும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு நாள் என் வாசலுக்கு வந்தவர் இவர் மட்டும்தான். காரத்தை மட்டும் சற்றுக் குறைக்கலாம்.”

சிவநாயகி வாசல் மிதியடியிலேயே இருந்து விம்மி விம்மி அழுதாள். படிக்கட்டில் மறைந்து தப்பியதாக நினைத்திருந்தாள். வசந்தமலர் சொல்லுமுன்பே பதினொரு வீட்டுக்கும் ஆள் தெரிந்திருக்கிறது. கேட்டால் கூச்சப்படுவாள் என்றுதான் எல்லாரும் வாய் பொத்தி இருந்திருக்கிறார்கள்.

கேளாமலே வந்த பதினொரு கடிதமும் தபாலில் போயின. இரண்டு கிழமையில் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் டெலிபோனில் அழைத்தாள். விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, பொறுமையாகப் பேசினாள். எல்லாம் சரி, பணம் வரும், இவ்வளவு நாள் காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றாள். வைக்குமுன் சிரித்துக்கொண்டே, “காரத்தைக் குறைத்தீர்களா?” என்று கேட்டாள். சிவநாயகி அவள் பெயரைக் கேட்க மறந்துபோனாள். பெயர் தெரியாவிட்டால் என்ன? வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, “அந்த டெலிபோன் பிள்ளையும் நல்லா இருக்கவேணும்” என்றே கும்பிடுகிறாள்.

இருபத்தாறாம் திகதி பணம் வந்தது. அன்றே வாடகை போனது. வீடு நின்றது.

அடுத்த அட்டை நிரப்பும் நாள் வந்தது. அன்று காலைதான் இரண்டாம் மாடியில் புதிதாக வருத்தம் வந்த வீட்டுக்கு இடியப்பம் அவித்திருந்தாள். பேனாவைப் பிடித்தபடி பிலேந்திரனை அழைத்தாள்.

“அண்ணை, வேலை செய்யேல்லை எண்டு போட்டால் பொய் இல்லைத்தானே?”

“பொய் இல்லை பிள்ளை. போடும்.”

‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். பிறகு எழும்பிப்போய், ஒட்வாருக்கென்று தனியே ஒரு சின்னச் சட்டியில், மிளகாய் போடாமல் பருப்பை அடுப்பில் வைத்தாள்.